பதினோராவது கிலோமீட்டர்

நம்பியாற்றில் எட்டுத் தூண்கள் நிற்கின்றன,
மேலே பாலம் இல்லை.
ஐந்தாம் தூணில் நீர்க்காகம் ஒன்று
இறக்கை விரித்துக் காய்கிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பதினோராவது கிலோமீட்டரோடு மண்மேடு முடிகிறது.
மிச்சம் ஆறரை.
வருடத்துக்குச் சுண்ணாம்புக்கல் எத்தனை டன்,
லாரி வாடகை என்ன, இரும்பு ஏறினால் என்ன ஆகும் என்று
மூன்று நாள் கூட்டிக் கழித்ததில்
முடிக்கலாம் என்று வருகிறது.
டீசலில் இரண்டு ரூபாய் குறைத்துப் போட்டால்
வேண்டாம் என்று வருகிறது.

மேட்டுக்கு மேற்கே தண்ணீர் தேங்கி நாறுகிறது.
கிழக்கே குளம் வெடித்துக் கிடக்கிறது.
வரைபடத்தில் இங்கே ஒரு சிறுபாலம் உண்டு;
பணம் நின்ற மாதம் அதுவும் நின்றிருக்கிறது.

முருங்கைக்காய்க் கட்டை இறக்கி வைத்துவிட்டுத்
தங்கபுஷ்பம் சொன்னாள்:
"ரயிலு வந்தா வரட்டும், வராட்டி போவுது மேடம்.
இந்த மேட்டுல நாலு குழாய மட்டும் சொருகிட்டுப் போங்க.
பன்னெண்டு வருசமா கேக்கேன்லா."

முடித்தால் செலவு. இடித்தால் செலவு.
'அப்படியே விடுதல்' என்ற கட்டத்தில் மட்டும்
அலுவலகம் முன்கூட்டியே அச்சடித்து அனுப்பியிருந்தது,
பூஜ்யம்.

அதை அடித்தேன்.
பதிலுக்கு என்ன எழுத என்று தெரியவில்லை.
இந்தக் குளத்துப் பாசனம்
எத்தனை கோட்டை விதைப்பாடு என்று கேட்டேன்.

விரல் மடக்கத் தொடங்கினாள்,
கடைசி வயலிலிருந்து.