இருபது பிக்சல் நீலம்

மார்த்தாண்டம் மேம்பாலம்
என் ஜன்னலுக்கு நேர் மட்டத்தில் ஓடுகிறது.
லாரி போகும்போதெல்லாம்
மேசையும் திரையும் மவுஸின் அம்பும்
ஒரு நூல் நடுங்கும்.
கீழே நேந்திரங்காய் வற்றல் பொரிகிற எண்ணெய்.
இங்கே இருந்துதான்
கடைக்காரர்களின் இணையதளங்களுக்கு
எடை குறைத்துக் கொடுக்கிறேன்.

ஆல்பன் அண்ணனுக்கு நாகர்கோவிலில் ஓவியக் கடை.
"பதினோரு விநாடி ஆவுது பிள்ளே,
அதுக்குள்ள ஆளு அடுத்த கடைக்குப் போயிருவான்."
திறந்து பார்த்தேன்.
நூற்றுக்கு முப்பத்தொன்று.
ஒரே ஒரு படம் பதினான்கு எம்பி:
தார்ப்பாய் போர்த்திய வள்ளம்,
பின்னால் முட்டத்துச் செம்மண் மேடு.

எடை குறைப்பதென்றால்
கண்ணுக்குத் தெரியாததை எடுத்து எறிவது.
எது தெரியாது என்று தெரிய
முதலில் பார்த்தாக வேண்டும்.
எண்பதில் வைத்தேன், ஒன்றும் போகவில்லை.
அறுபதில் தார்ப்பாய் மடிப்பின் பச்சை போயிற்று.
போன பிறகுதான்
அங்கே பச்சை இருந்ததே தெரிந்தது.
எழுபதுக்குத் திரும்பி வந்தேன்.
மூன்று ராத்திரி இப்படிக் கழிந்தது
ஒரு வள்ளத்தோடு.

படம் வந்து சேரும்வரை
இடம் வெள்ளையாய் முழிக்கக் கூடாதென்று
இருபது பிக்சல் அகலத்தில்
ஒரு மங்கலை முன்னால் வைத்தேன்.
மழையில் பஸ் கண்ணாடி வழியே
பார்த்த மாதிரி இருக்கும் அது.

இரண்டாம் சனிக்கிழமைதோறும்
ஓவியம் சேர்க்கிறவர்கள் கடையில் கூடுவார்கள்.
குலசேகரத்து ரப்பர் வியாபாரி ஜஸ்டஸ்,
பல் டாக்டர் ஷைலஜா,
தேங்காப்பட்டணத்து மைதீன் பிச்சை.
மூன்று வீட்டிலும் சேர்த்து அறுபது ஓவியம் தேறும்.
பேச்சு மட்டும்
நல்லாருக்கு,
மூணுக்கு நாலா,
ஃபிரேம் தேக்கா.
பிறகு பழம்பொரி. பிறகு ரப்பர் விலை.
வாய் தவறி ஏதாவது சொல்லி
விவரமில்லாதவன் என்று பேர் வாங்க
யாருக்கும் மனசில்லை.

புதுத் தளத்தைச் சுவரில் காட்டப் போன அன்று
காற்றும் மழையும்.
ஆரல்வாய்மொழிப் பக்கம் எங்கோ கேபிள் அறுந்ததாம்.
மங்கல் மட்டும் வந்து
அப்படியே நின்றுவிட்டது.
எனக்குக் காது சுட்டது.

"தார் ரோடாக்கும்" என்றார் ஜஸ்டஸ்.
"ரோடு நீலமாட்டா இருக்கும்?
அது ராத்திரி. அடியில செவப்பு,
ஓடு பிரிச்சுப் போட்ட வீடு."
"ஐஸ் பெட்டிக்கு மேல போடுற சாக்கு மாதிரில்லா இருக்கு."
"வோய், நீரு எதைப் பாத்தாலும் மீனுதான்."
"பின்ன உமக்கு மட்டும்
அயையில காயப்போட்ட ஷீட்டு தெரியலியா?"
ஜஸ்டஸ் தலையைச் சாய்த்தார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"தெரியுது" என்றார்.

இருபது நிமிடம்.
யாரும் விலை கேட்கவில்லை.
அசல் ஓவியம்
அவர்கள் முதுகுக்குப் பின்னால்
எட்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் திரும்பியது டாக்டர்தான்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
மாட்டிக்கொண்டு பார்த்தார்.
பல்லுக்குள் எட்டிப் பார்க்கிற தூரத்துக்குக்
கிட்டே போய்,
"மடிப்புல பச்சை கெடக்கு, வந்து பாருங்க" என்றார்.
எழுபது, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
நெட் ஒழுங்காய் இருந்தால்
மங்கல் யார் கண்ணிலும் படாது.
அந்த ஒரு படத்தை மட்டும்
ஒன்றரை விநாடி பிடித்து வைத்திருக்கிறேன்.

ஆல்பன் அண்ணன் கண்டுபிடித்துவிட்டார்.
"மத்ததெல்லாம் பறக்குது பிள்ளே,
இந்த வள்ளம் மட்டும் என்னத்துக்குத் தயங்குது?"
பார்க்கிறேன் அண்ணே, என்றேன்.
பில்லில் அதற்குக் காசு போடவில்லை.

பாலத்தில் லாரி.
அம்பு நடுங்கி
தார்ப்பாயின் மேல் நிற்கிறது.