ஒரே தார்ப்பாய்

ராயக்கோட்டையில் சாயங்காலம் நாலு மணிக்கு
ஆலங்கட்டி; பின்னாலேயே மழை.
ஓடு ஏற்றின லாரி இன்னும் தொப்பூரில்.
கூரையில் வேங்கைக் கைமரம் இருபத்திரண்டு,
களத்தில் கொட்டை எடுத்த புளி எட்டு மூட்டை,
வீட்டில் தார்ப்பாய் ஒன்று.
நான் புளியை மூடினேன்.

விடிய விடியப் பெய்தது.
காலையில் கூடத்துத் தரை முழுக்க
கடுங்காப்பி கொட்டின மாதிரி.
"மரத்தோட சாயம்" என்றார் திம்மராயன்,
சாரத்தில் ஏறி ஒவ்வொரு மூட்டாய்த் தட்டிக்கொண்டே.
ஆணி இறங்கின இடமெல்லாம் கறுப்பு வழிந்திருந்தது.
முந்தாநாள் ஆடிய கழுந்து
சுத்தியலுக்கும் அசையவில்லை.

"இறுகிப்போச்சு, பாருங்க" என்றேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.
"ஊதியிருக்கும்மா. வத்தட்டும், அப்புறம் சொல்லுங்க."

வத்த இருபது நாள்.
அதற்குள் ஓடு வந்தது,
வட்டிக்காரர் ரெண்டு தடவை வந்தார்.
ஈரத்தோடு மூடினால் பூசணம் என்று
ஓட்டை வேலியோரம் அடுக்கிவிட்டு
எல்லாரும் வெயிலுக்குக் காத்திருந்தோம்.

கழுந்து நகக்கண் அளவு விலகியது.
ஆப்பு செருகி, மேலே மெழுகு தேய்த்தார்.

இப்போதும் மல்லாந்து படுத்தால்
மூன்றாவது கைமரத்தில் அந்தக் கறுப்புக் கோடுதான்
நேரே கண்ணில் விழுகிறது.

புளி, கிலோ நூற்றுப்பத்துக்குப் போனது.