பாதிக்கு ஒரு சொல்

ஜூபாவிலிருந்து தாள் வந்திருக்கிறது.
‘பங்கீட்டளவில் சீரமைப்பு.
பயனாளிகளுக்கு உரிய முறையில் தெரிவிக்கவும்.’
உரிய முறை என்பது நானும்
ஓர் ஒலிபெருக்கியும்
எட்டு பேட்டரிகளும்.
அவற்றில் இரண்டு கசிந்துவிட்டன.

மண் அணையைத் தாண்டினால் பென்டியு முழுக்கத் தண்ணீர்.
அடியில் யாருடைய கூரையோ
யாருடைய சோளக்காடோ.
எந்த இடத்தில் மோட்டாரைத் தூக்கவேண்டுமென்று
கோவாங்குக்குத்தான் தெரியும்.
அவன் கேட்கிறான்:
சீரமைப்பு என்றால் கூடுமா, குறையுமா?
அவன் வீட்டிலும் அட்டை இருக்கிறது.
காது கேளாதவள்போல
விசிறியில் சுற்றிய அல்லித்தண்டைக் காட்டுகிறேன்.

எங்கள் மொழியில்
மாட்டுத் தோலில் விழும் புள்ளிக்கெல்லாம் பெயருண்டு.
கழுத்து மட்டும் வெளுத்தது,
விலாவில் மட்டும் சாம்பல் படர்ந்தது,
மீன்கழுகைப்போல முகம் வெளுத்தது.
மாடுகள் போய்விட்டன, பெயர்கள் இருக்கின்றன.
சீரமைப்புக்குத்தான்
எவ்வளவு துழாவியும்
ஒன்றும் அகப்படவில்லை.

எண்ணெய் டிரம்மின் மேல் ஏறி நிற்கிறேன்.
மாலே, என்கிறேன்.
மாலே, என்கிறது கூட்டம்.
தாளில் இருந்ததையெல்லாம் மடித்து
சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு
‘பாதி’ என்கிறேன்.
ஒலிபெருக்கி கொர்ரென்று இழுத்து நிறுத்திவிட்டது.
மறுபடி சொல்லவேண்டியதாயிற்று.
பாதி.
மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் நியாபுவாய்.
சென்ற மழைக்கு முன் அவளைப் படமெடுத்தேன்.
சாக்கைத் திருப்பிப் பிடி, எழுத்து தெரியட்டும் என்றேன்.
திருப்பினாள்.
அந்நேரம் கோவாங் வழுக்கித் தண்ணீரில் விழ
வாய்விட்டுச் சிரித்தாள்.
நாற்பது சொற்களுக்குள் நான் எழுதியனுப்பியது:
‘இஞ்சி இடித்துப் போட்ட காபி விற்பவள்.
சர்க்கரை விலை கேட்டால் சண்டைக்கு வருவாள்.’
அச்சில் வந்தது:
‘அனைத்தையும் இழந்த நியாபுவாய்
நன்றியுடன் புன்னகைக்கிறார்.’

இன்று அவள் முறை வருகிறது.
கட்டைவிரலை மையில் ஒற்றுகிறாள்,
சாக்கை வாங்குகிறாள்,
பாதி காலியான சாக்கு அல்லவா,
தளர்ந்து தொங்கும் மேல்பகுதியை ஒழுங்காக மடிக்கிறாள்.
பிறகு நேராக என்னிடம் வந்து
நிறைந்திருந்தபோது எடுத்தாயே,
இப்போதும் எடு, என்கிறாள்.

ஒப்புதல் படிவத்தை வாசிக்கச் சொன்னாள்.
வாசித்தேன், விடாமல், சின்ன எழுத்தையும்.
எங்கெல்லாம் போகும்? என்றாள்.
எங்கும், என்றேன்.
அப்படியென்றால் காபிக் கடையை எழுது.
நான் சொல்லாமலே
சாக்கைத் திருப்பிப் பிடித்தாள்.
மடிப்பு சரியாகச் சின்னத்தின் நடுவே விழுந்திருந்தது.
பெயரில் முதல் மூன்று எழுத்து மட்டும் தெரிகிறது.
சிரிக்கவில்லை. அழவுமில்லை.
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள், அவ்வளவே.

இரவு, அணையின் மேட்டில்
சிக்னல் கிடைக்கும் ஒரே கல்லில் உட்கார்ந்து அனுப்பினேன்.
கொசுக்களோடு சேர்ந்து
பதிலும் விரைவாகவே வந்தது:
‘படம் நன்று.
கொஞ்சம் நம்பிக்கையூட்டும்படி ஒன்று கிடைக்குமா?’
இல்லை என்று அடித்தேன்.
அழித்தேன்.
கடைசியில் ‘காபிக் கடை அவசியம் இருக்கட்டும்’ என்று மட்டும் அனுப்பினேன்.
போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

காலையில் திரும்பும்போது
அணையோரம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.
சேற்றை உருட்டிக் குவியல்கள்,
வரிசை, அதட்டல், அட்டைக்கு இலை.
ஒருவன் அடி வெட்டிய பிளாஸ்டிக் புட்டியை
வாயில் வைத்துக்கொண்டு
கவிழ்த்த வாளிமேல் நிற்கிறான்.
நான்தான் அது, நடைகூட என்னுடையது.
மாலே, என்கிறான்.
பாதி, என்கிறான்.
என்னைவிட நன்றாகச் சொல்கிறான்.
அதற்குமுன் தொண்டையைக் கனைத்துக்கொள்வதில்லை.