மூன்றாம் நாள், ஒன்பது மணி

நான்கு மாதமாக ஓர் எக்செல் தாள் வைத்திருந்தேன்.
பச்சை என்றால் பணம் கட்டியாயிற்று.
மஞ்சள் என்றால் தனசீலனிடம் கேட்க வேண்டும்.
சிவப்பு எதுவும் இல்லை.
சென்னைத் துறைமுகத்தில் பெட்டிகளை ஒப்படைத்தபோது
அம்பத்தூர் ஆபீஸில் யாரும் ஏறாத படியில்
நான் மட்டும் ஏறுவதாக நினைப்பு.
ஸ்கேனர் அருகே ஒருவர் கேட்டார்,
"ஊறுகாய் இருக்காம்மா பையில?"
இருந்தது. இல்லையென்றேன்.

எங்களுக்கு இரண்டாம் பந்தி, எட்டே முக்கால்,
நாற்பத்தேழாம் மேசை.
பந்தி என்று கப்பலில் யாரும் சொல்வதில்லை.
ஆனாலும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே
வடபழனிக் கல்யாண மண்டபத்தில் நிற்பதுபோலத்தான் நின்றோம்,
உள்ளே சாப்பிடுகிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு.
சாம்பாரில் வெல்லம்.
தோசைக்கு ஒரே கல், முந்நூறு பேர்.
பெரம்பூர்க்காரர் ஒருவர் தயிர்க் கிண்ணங்களைத்
தன் அறைக்குக் கொண்டுபோனார்,
ஒவ்வொன்றாக,
தாய்ப்பூனை குட்டிகளை இடம் மாற்றுவதுபோல.

மேசையில் எங்களோடு ஒரு பெண். தனியாக வந்திருந்தாள்.
தவமலர்.
வளசரவாக்கத்தில் பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்ட்.
திருகோணமலையில் பிறந்தவள்,
எண்பத்தைந்தில் படகேறும்போது ஏழு வயது
என்பதையெல்லாம் முதல் இரவு பாயசத்தின்போது சொன்னாள்,
உப்பை இப்படித் தள்ளுங்கள் என்கிற குரலில்.
பாஸ்போர்ட் கைக்கு வரப் பதினோரு வருடமாம்.
நான் என் தாளைக் காட்டினேன்.
மூன்றாம் நாள், ஒன்பது மணி, திருகோணமலை:
கோணேசர் கோயில், வெந்நீர்க் கிணறுகள், மதியச் சாப்பாடு.
"அழகா எழுதியிருக்கிறீங்க" என்றாள்.

இரண்டாம் இரவு பதினொன்றுக்கு
கூரையிலிருந்து கேப்டன் பேசினார்.
காற்றழுத்தத் தாழ்வு. பயணிகளின் பாதுகாப்பு.
நாளை முழுதும் கடலில்.
மாற்று ஏற்பாடாக மேல்தளத்தில் தம்போலா.

கவுன்ட்டரில் இரவு உடையோடு வரிசை.
என் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே ஏறியது.
பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன், விடுவேனா?
ஆறாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில்,
வழியை மாற்றும் உரிமை அவர்களுடையது என்று இருந்தது.
அந்தப் பெண் விரல் வைத்துக் காட்டினாள்.
சிரித்துக்கொண்டே ஒரு கூப்பன் தந்தாள்:
தலைக்கு அறுநூறு ரூபாய், மசாஜுக்கு மட்டும்.
தனசீலன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.
வரிசையில் தவமலர் இல்லை.

மறுநாள் காலை தோசை வரிசையில் இருந்தாள்.
வைஃபைக்குப் பணம் கட்டிவிட்டாளாம், போனை நீட்டினாள்.
ஓர் ஆட்டோ.
முகப்புக் கண்ணாடியில் மல்லிகைச் சரம்.
பின்னால் துறைமுகம், கண் கூசும் வெயில்.
கீழே ஒரு செய்தி:
"இஞ்ச மழையே இல்லை அக்கா. எத்தனை மணிக்கு வாறியள்?"

அவனுக்கு முன்பணம் அனுப்பியிருந்தாள்.
தபால்கந்தோர், அதற்கடுத்த ஒழுங்கை, நீல கேட்.
அவ்வளவுதான் அவளுடைய தாள்.
இதற்கு அவன் கூகுளில் தேடி ஒரு கேட்டின் படம் அனுப்ப,
அது பச்சையாயிருக்க,
பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று இவள் முடிவு செய்திருந்தாள்.

என்ன சொல்வது?
கூப்பன் ஞாபகம் வந்தது, வெட்கமாகப் போயிற்று.
ஊறுகாய் இருக்கிறது என்றேன்.
"என்ன ஊறுகாய்?"
"நார்த்தங்காய்."
"கொண்டு வாங்கோ" என்றாள்.
மூன்று நாளில் முதல்முறையாக அந்த "ங்கோ" வெளியே வந்தது.

பிறகு கப்பல் திரும்பி
சென்னைக்கு வெளியே இடத்துக்காக நங்கூரமிட்டு நின்றது,
ஓர் இரவு முழுக்க.
ராயபுரத்தில் எங்கள் மாடியைத் தனசீலன் தேடினான்.
துணி காயப்போடும்போது
இங்கே நிற்கும் விளக்குகளை எண்ணுவது என் வழக்கம்.
இங்கிருந்து வீடு தெரியவில்லை,
எல்லாம் ஒரே மஞ்சள்.

அறைக்கு வந்து தாளைத் திறந்தேன்.
மூன்றாம் நாளுக்குச் சிவப்பு அடிக்கப் போனேன்.
பக்கத்து அறையில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்:
"காசு உம்மிட்டயே இருக்கட்டும் தம்பி.
பெட்ரோலுக்கு எடுத்திடாதையும்."