இணைக்கப்பட்ட சாதனங்கள்

மீனாட்சி பஜார் செல்போன் கடைப் பையன்,
மீசைகூடச் சரியாக முளைக்காதவன்,
ஐம்பது ரூபாய்க்குச் சொல்லிக்கொடுத்தான்:
'பாப்பா குளிக்கப் போகும்ல, அப்பப் பண்ணிருங்கக்கா.
ஒரு நிமிசந்தான்.'

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்.
தம்பி கழித்துப்போட்ட மடிக்கணினியில்
ஒரு கறுப்புச் சதுரம்.
அதற்கு அவள் போனை
ஆரத்தித் தட்டுபோலக் காட்டினேன்.
சுபிக்ஷாவின் பேச்செல்லாம்
சரசரவென்று என் பக்கம் இறங்கிற்று.

பெற்றோர் கூட்டத்தில் ஒருத்தி அழுதாள், அதுதான் காரணம்.
பெஞ்சு சின்னது, முட்டி இடித்தது.
தன் மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவள்
முடிக்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
அவள் முடிக்காத வாக்கியத்தை
நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பத்தொன்பது வருடமாக எனக்கு
ஜங்ஷன் ஆர்எம்எஸ்ஸில் கடிதம் பிரிக்கிற வேலை.
பிரிப்பது என்றால் ஊர்வாரியாக. உறையை அல்ல.
உசிலம்பட்டிக்கு எந்த மாடம், மேலூருக்கு எந்த மாடம்,
தூக்கத்திலும் கை அறியும்.
ஒரு உறையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில்லை.
பசை விட்டு வாய் பிளந்து வருவதைக்கூட
கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு ஒட்டி
'திறந்த நிலையில் வந்தது' என்றெழுதிக்
கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்.

வீட்டில், இரவு இரண்டு மணிக்கு,
திறந்தால் டிக் நீலமாகிவிடும் என்பதால்
திறக்காமல் வாசித்தேன்.
பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில்
தெரிகிற அளவுதான்.
என் மகளைப் பாதிப் பாதி வரிகளாக வாசித்தேன்.
'சத்தியமா அவன்கிட்ட நான்…'
'எங்க வீட்ல இதெல்லாம்…'
இதெல்லாம்?
எங்கள் வீட்டில் இதெல்லாம் என்ன?
பழங்காநத்தம் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி
முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நாலாம் நாள், ஜெர்லினிடமிருந்து:
'நாளைக்கும் நீ வரலேன்னா நான் செத்தே…'

திறந்துவிட்டேன்.

'…போயிருவேன்டி. மொத பெஞ்சுல தனியா உக்காந்து
கெமிஸ்ட்ரி சாரோட வெத்தல வாடையத் தாங்க முடியாது.'

அடக்க முடியாமல் சிரித்தேன்,
அந்த அம்மாவைப்போல வாயைப் பொத்திக்கொண்டு.
அதற்குள் ஜெர்லின் போனில்
இரண்டு டிக்கும் நீலம்.

விடிந்ததும் அவள் கேட்டிருந்தாள்:
'ரெண்டு பத்துக்குப் பாத்துட்டு ஏன்டி ரிப்ளை பண்ணல?'
சுபி வெகுநேரம் எழுதவில்லை.
பிறகு,
'தூக்கத்துல கை பட்டுருச்சு.'

அதற்கப்புறம் அவள் பேச்சு
விருந்தாளிக்காகப் பெருக்கிவிட்ட கூடம் மாதிரி ஆகிவிட்டது.
வசவு இல்லை. அவன் இல்லை. கெமிஸ்ட்ரி சார்கூட இல்லை.
கவனித்தால்,
அவள் எழுதுவது எல்லாமே
அந்தச் சாம்பல் வரிக்குள் அடங்குகிற நீளம்.
ஒன்றையும் நான் திறக்க வேண்டியதில்லாமல்.

வெள்ளிக்கிழமை இரவு
ஜெர்லின் தூங்கியிருக்கும் நேரத்தில்
ஜெர்லினுக்கு ஒன்று போயிருந்தது:
'முட்டி வலியோட முழிக்காதீங்க. தூங்குங்க.'

ஜெர்லினை அவள் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை.
என்னையும்தான்.

கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
'சரி' என்று தட்டினேன், அவள் பெயரில்.
அழித்தேன்.
ஜெர்லின் ஒருவேளை விழித்திருந்தால்
'தட்டச்சு செய்கிறார்' என்று தோன்றி
மறைந்திருக்கும்.

வெளியேற்றும் பொத்தான் இரண்டு பக்கமும் இருக்கிறது.
அவளும் அமுக்கவில்லை.
நானும்.

காலையில் ஈரத்தலையோடு தட்டின் முன் உட்கார்ந்து
சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்து
'உப்பு' என்றாள்.
கூடவா குறைச்சலா என்று கேட்டேன்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.