முந்திப் போகிறது

களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று...
ஒரே மூச்சில் கத்தியவன்.
இப்போது மட்டக்களப்பு மார்புக் கிளினிக்கில்
துப்பச் சொல்கிறார்கள்,
எச்சில்தான் வருகிறது.
"சளி இல்லயாகா?"
நுஸ்லியா மிஸ் ஊசியை எடுக்கிறா.

முதல் மாதம் தொண்ணூற்று நாலு.
மறுகா நாற்பது.
போன முறை பதினொன்று.
இரத்தத்தில் இறங்கிக்கொண்டே வரும்
அந்த எண் என்னவென்று கேட்டேன்.
"உள்ளுக்க எரியிற நெருப்பு."

அணைகிறதாம்.
எனக்கோ உள்ளங்கால் மரத்துக் கிடக்கிறது.
மாத்திரை கருக்கிய முகத்தில்
மகள் என்னைக் கொஞ்சநேரம் தேடுகிறாள்.
பஸ் படி இரண்டு ஏற
மூச்சு முட்டுகிறது.
எதை நம்ப?

ஊதா மூடிக் குழாயில்
பூ. தவேந்திரன் என்று ஒட்டி,
ஐஸ்பெட்டிக்குள் வைத்தார்கள்.
இரவு கொழும்பு பஸ்ஸில் ஏறும்
என் இரத்தம்,
எனக்கு முன்னமே சுகமாகி,
டிக்கெட் இல்லாமல்.