ஒன்பதே கால் கெல்வின்

நேற்று ஆறு மணிக்குப் போன கரன்ட்
ஒன்பதுக்குத்தான் வந்தது பீளமேட்டுக்கு.
பக்கத்துப் பட்டறையில் லேத்துகள் வாயடைக்க,
பம்ப்செட் சோதிக்கும் தொட்டியில்
தண்ணீர் தன்பாட்டுக்குச் சமமானது.
எங்கள் ஹீலியம் கலத்துக்குள் மட்டும்
முடியினும் மெல்லிய நயோபிய வளையத்தில்
மின்சாரம் சுற்றிக்கொண்டே இருந்தது.
மீட்டர் இல்லை, பில் இல்லை, களைப்பும் இல்லை.

நாங்கள் அனுப்பாத மின்சாரம் அது.

காலையில்தான் தெரிந்தது.
வளையத்தை ஒட்டி ஒரு சந்தி:
இரண்டு உலோகப் படலம், நடுவே
சில அணுக்கள் தடிமனில் ஆக்சைடு.
எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாய்ச்
சுவரேறாமல் சுவர் கடக்கிற இடம்.
அதன் வரைபடத்தில் உச்சி நடுவில் நிற்க வேண்டும்.
இடப்பக்கம் ஒதுங்கி நின்றது,
பஸ்ஸில் யாருக்கோ இடம் விட்ட மாதிரி.

“உள்ளே காந்தம் மாட்டிக்கிச்சுங்,” என்றார் மயில்ராசு.
கணக்குப் போட்டேன். மூன்று குவாண்டம்.
மூன்றரை வராது. மூன்றே காலும் வராது.
“நாமக்கல் முட்டை லோடுங்க.
அரை முட்டை ஏத்த முடியுங்களா?”

எங்கிருந்து வந்தது?
லிஃப்ட் ஓடவில்லை. ஸ்பேனர் அலமாரியில்.
குறிப்பேட்டில் என் கையெழுத்து:
மாலை 4.17, ஒன்பதே கால், இறங்குகிறது.
போனில்:
மாலை 4.16, ரேணுகா, இரண்டு நிமிடம்.

கலத்தின் இடுப்பில் சாய்ந்துதான் பேசினேன்.
கரூரிலிருந்து தங்கை.
“கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா.
இனி அந்த வீட்டுக்கு நான் யாரோ.”
சரி, என்றேன்.
ஒரு கண் தெர்மாமீட்டரில் இருந்தது.
அப்புறம் நான் கூப்பிடவில்லை.

போனின் முதுகில் ஒரு காந்தம் உண்டு.
குளிர்ந்து மாறுகிற அந்தக் கணத்தில்
அருகில் எது இருந்ததோ
அதை வளைத்துப் பிடித்துக்கொள்ளும் வளையம்.
பொறவு போனைப் பொள்ளாச்சிக்கே கொண்டுபோனாலும்
விடாது.

“தூக்கிருங்க.”
குச்சியை ஒரு சாண் மேலே இழுத்தார்.
ஒன்பது. ஒன்பதரை. பத்து.
பத்துக் கெல்வின் எந்த உயிருக்கும் சூடில்லை;
காற்றே கல்லாகிக் கிடக்கும் குளிர்.
அதற்கு அது போதும்.
மூன்றும் போயின. ஒரு சத்தமில்லை.

“மறுக்கா எறக்கட்டுங்களா?”

இருங்க, என்று சொல்லி
லேத்துகள் கத்துகிற சந்துக்கு வந்து
கரூருக்கு அடித்தேன்.
கதவிடுக்கில் மயில்ராசு
ஆவியாகிற லிட்டருக்கு விரல்விட்டுக் காட்டினார்.
முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

“இப்பச் சொல்லு,” என்றேன், “மொதல்ல இருந்து.”